கதவிடுக்கில் ஒரு நம்பர்

"வெள்ளைக்கு எதுக்குப்பா நம்பர்? வெள்ளைன்னா வெள்ளைதானே?"

மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் கேட்டது இது. மாட வீதியில் நிறுத்தியிருந்த அவருடைய மாருதி 800-இன் இடதுபக்கக் கதவை ஒரு மாடு கொம்பால் நீளமாகக் கீறிவிட்டிருந்தது. கையில் துண்டுச் சீட்டோடு வந்திருந்தார்: 'வெள்ளை பெயிண்ட், கால் லிட்டர்.' நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது நாள். "வண்டி நம்பர் இல்ல சார், பெயிண்ட் நம்பர்" என்றேன். அதற்குமேல் எனக்கே தெரியாது.

மேஸ்திரி ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். பழைய பால்பவுடர் டப்பா மூடிகள் ஐந்தை எடுத்துவந்து, அந்தக் காரின் பானெட்மேல் சீட்டு போடுவதுபோல வரிசையாக வைத்தார். ஐந்திலும் வெள்ளை அடித்திருந்தது. ஒன்று பால். ஒன்று நீர்மோர், அடியில் லேசாக நீலம் ஓடியது. ஒன்று பச்சரிசி மாவு, ஒன்று சுண்ணாம்பு, இன்னொன்று நாலு வருஷம் கட்டிய வேட்டி. "இதுல எது சார் உங்க வெள்ளை?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். குனிந்து பார்த்தார். கடைசிவரை அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும்தான். மேஸ்திரி பானெட்டைத் தூக்கி, துணியால் ஒரு தகட்டைத் துடைத்து, அதிலிருந்ததைப் படிக்கச் சொன்னார். 26யு. சுப்பீரியர் ஒயிட் என்பது அதன் பெயர். பெரியவர் அதை அதே சீட்டில் குறித்துக்கொண்டு சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார், ஏதோ ஜாதகக் குறிப்பு மாதிரி.

கடை ஈக்காட்டுத்தாங்கலில் இருந்தது. காசி தியேட்டரைத் தாண்டி ஆற்றுப்பாலம் இறங்கினால், நூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்று. கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் வந்ததிலிருந்து அதன் விளிம்பெல்லாம் லேத், பிளேட்டிங், பவுடர் கோட்டிங் என்று பட்டறைகள் பெருகிக்கிடந்த பகுதி அது. ஜெயா டிவி இருக்கும் இடம் என்றால் இப்போது எல்லோருக்கும் புரியும். எங்கள் கடையின் முன்பக்கம் பெயிண்ட் கலக்கும் கவுண்டர், பின்பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை 1999 ஜூனில் முதலாளி வேலைக்கு எடுத்ததற்குக் காரணம், அந்த மாதம் கடைக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்ததுதான்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. இரும்பு ஷெல்ஃப். அதில் ஐம்பது அறுபது டப்பா டின்ட்டர், ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு துடுப்பு. காலையிலும் மாலையிலும் சுவிட்சைப் போட்டால் அத்தனை துடுப்பும் சேர்ந்து சுற்றும். சுற்றாவிட்டால் சில்வருக்குள் இருக்கும் அலுமினியத் தூள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பக்கத்தில் கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் தராசு. அப்புறம் மைக்ரோஃபிஷ் என்று ஒரு சமாச்சாரம்: உள்ளங்கை அளவு பிலிம் அட்டையில் நூற்றுக்கணக்கான ஃபார்முலாக்கள் பொடி எழுத்தில் இருக்கும், விளக்குப் பெட்டியில் செருகினால் திரையில் பெரிதாகத் தெரியும். காரின் நம்பரைத் தேடிப் பிடித்தால் எந்த டின்ட்டர் எத்தனை கிராம் என்று வரிசையாக வரும். எடையைக் கூட்டிக்கொண்டே போகும் கணக்கு அது. நடுவில் ஒரு டின்ட்டர் கூடுதலாக விழுந்துவிட்டால் முதலிலிருந்து எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

பயிற்சி கொடுக்கப் பெயிண்ட் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் இரண்டு நாள் வந்தார். மேஸ்திரி அந்த இரண்டு நாளும் ஷெட் வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார், உள்ளே வரவே இல்லை.

அவர் அம்பாசடரிலும் ஃபியட்டிலும் தொழில் கற்றவர். அந்தக் காலத்துச் சரக்கு என்.சி. பெயிண்ட். எல்லோரும் 'டூக்கோ' என்பார்கள். அது உண்மையில் அமெரிக்காவின் டூபாண்ட் 1923-இல் கொண்டுவந்த ஒரு பெயிண்டின் பெயர். அதற்குமுன் ஒரு காருக்கு வண்ணம் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகுமாம். இது மணிக்கணக்கில் காய்ந்தது. போட்டோ காப்பிக்கு ஜெராக்ஸ் என்பதுபோல நம்மூரில் டூக்கோ பொதுப்பெயராகி, இன்றைக்கும் தச்சர்கள் அலமாரிக்கு "டூக்கோ அடிச்சிரலாமா சார்?" என்று கேட்கிறார்கள்.

மேஸ்திரிக்கு ஃபார்முலா எல்லாம் ஒரு நீளக் கணக்கு நோட்டில் இருந்தது. 'அடையாறு டாக்டர் வண்டி, மயில் கழுத்து நீலம்: நீலம் 3 பங்கு, வெள்ளை கால், கருப்பு தொட்டுக்க.' இங்க் பேனாவில் அழகான கையெழுத்து. அளவுகளில் 'கொஞ்சம்', 'கொஞ்சூண்டு', 'தொட்டுக்க' என்று மூன்று படிகள் இருந்தன. மூன்றுக்கும் வித்தியாசம் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கையப் பாரு" என்றார். பார்த்தேன். விளங்கவில்லை.

எனக்கோ நம்பர்மேல் ஒரு மயக்கமே வந்துவிட்டது. கார் வந்து நின்றதும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஸ்டிக்கரைத் தேடுவேன். சில வண்டிகளில் அங்கே இருக்கும், சிலவற்றில் பானெட்டுக்குள் தகட்டில் இருக்கும். டொயோட்டாவில் 'சி/டிஆர்' என்று ஒரு கட்டம் வரும்: முதல் பாதி வெளி வண்ணம், அடுத்தது உள்ளே சீட்டுக்கும் டிரிம்முக்கும். ஃபோக்ஸ்வாகன்காரர்கள் டிக்கியில் ஸ்டெப்னிக் குழிக்குள் ஒட்டிவைப்பார்கள். கத்தரிக்காய் மூட்டையெல்லாம் இறக்கிவைத்துவிட்டுத்தான் படிக்க முடியும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஹோண்டாவின் நம்பர். வெள்ளை, கருப்பு, சாம்பல், சில்வர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே எழுத்துகள்: என்எச். நியூட்ரல் ஹ்யூ, அதாவது சாயல் எதுவும் இல்லாதது. டாஃபெட்டா ஒயிட் என்எச்-578. கிரிஸ்டல் பிளாக் பேர்ல் என்எச்-731பி. சிவப்பென்றால் ஆர், நீலமென்றால் பி என்று தொடங்கும். கடைசியில் எம் வந்தால் மெட்டாலிக், பி வந்தால் பேர்ல். (முன்னால் வரும் பி வேறு, பின்னால் வரும் பி வேறு. தமிழில் எழுதினால் இந்தச் சங்கடம்.) நிறங்களை இப்படிக் குடும்பமாகப் பிரித்து, சாயல், வெளிர்மை, அடர்த்தி என்று மூன்று அளவு வைத்து எண் போட்டுக் காட்டியவர் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர், 1905-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். கம்பெனிக்காரர் சொல்லிக்கொடுத்த இதையெல்லாம் மேஸ்திரியிடம் போய் ஒப்பித்தேன். "அப்போ கருப்பும் வெள்ளையும் ஒரே குடும்பமா?" என்றார். ஆமாம் என்றேன். "அது எனக்கும் தெரியும். எந்த வெள்ளையிலும் கருப்பு இல்லாம பண்ண முடியாது" என்றார். ஃபார்முலாவை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே வெள்ளைக்குள் சொட்டுக் கருப்பு இருந்தது, மஞ்சளும் இருந்தது.

முதல் அடி சில்வரில் விழுந்தது.

ஆறு வயதான ஒரு கார். பின்கதவு ஒன்று மட்டும் டிங்கரிங் முடிந்து, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்துத் தயாராக இருந்தது. நம்பர் இருந்தது, ஃபார்முலா இருந்தது. அரை கிராம்கூடப் பிசகாமல் கலந்தேன். மேஸ்திரி அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் உதவிப் பையன் அடித்தான். இரவு ஏழு மணிக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தோம், ஒட்டவைத்ததுபோல இருந்தது. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

காலையில் வண்டியை வெயிலுக்கு எடுத்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் கதவு மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து கழற்றிவந்து மாட்டியதுபோல நின்றது. நேரே பார்த்தால் வெளுத்திருந்தது, பக்கவாட்டில் பார்த்தால் கறுத்திருந்தது. நம்பரைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நாலு தடவை கதவைத் திறந்து பார்த்தேன். நம்பர் சரியாகத்தான் இருந்தது.

மேஸ்திரி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு துணியில் ரப்பிங் பாலிஷைத் தொட்டு, முன்கதவில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தார். தேய்த்த இடம் மட்டும் வேறொரு சில்வராகப் பளிச்சிட்டது. "நீ எதுக்கு மேட்ச் பண்ணே? வண்டிக்கா, வண்டி மேல இருக்கற அழுக்குக்கா?" என்றார். பிறகு சொன்னார்: "நம்பர்ங்கறது வண்டி பொறந்தன்னிக்கு வச்ச பேரு தம்பி. இது ஆறு வருஷம் வெயில்ல நின்னிருக்கு."

அதோடு விடவில்லை. நான் கலந்துவைத்ததில் மிச்சமிருந்ததை ஸ்ப்ரே கன்னில் ஊற்றினார். மூன்று தகர மூடிகளைச் சுவரில் சாய்த்துவைத்தார். முதல் மூடிக்குக் கன்னைக் கிட்டே கொண்டுபோய், மெதுவாக, சொதசொதவென்று அடித்தார். இரண்டாவதைச் சாதாரணமாக. மூன்றாவதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, காற்றைக் கூட்டி, தூவினாற்போல அடித்தார். மூன்றும் காய்ந்ததும் கிளியர் பூசி வெளியே கொண்டுவந்தார். ஒரே டப்பா, ஒரே கன், ஒரே கை. ஆனால் மூன்று மூடியிலும் மூன்று சில்வர். ஈரமாக அடித்தது இருண்டிருந்தது, தூவியது வெள்ளி ஜரிகைபோல மின்னியது.

காரணம் ஒன்றும் மாயமில்லை. சில்வர் என்பது நிறமே அல்ல. பொடிப்பொடிக் கண்ணாடிகள் மாதிரி அலுமினியச் செதில்கள் மிதக்கும் ஒரு கரைசல். ஈரமாக விழுந்தால் செதில்களுக்கு நீந்த நேரம் கிடைக்கிறது. கோணல்மாணலாகத் திரும்பி அடியில் இறங்குகின்றன. உலர்வாக விழுந்தால் விழுந்த இடத்திலேயே தட்டையாகப் படுத்துக்கொள்கின்றன, வெளிச்சம் நேராகத் திரும்பி வருகிறது. தின்னர் எந்த வேகத்தில் ஆவியாகிறது, காற்றழுத்தம் எவ்வளவு, ஐப்பசி ஈரமா, கத்திரி வெயிலா எல்லாமே ஷேடில் போய்ச் சேர்கின்றன. மைக்ரோஃபிஷில் எத்தனை கிராம் என்று இருக்கும். யார் கை என்று இருக்காது.

அதற்குப் பிறகுதான் ஒரு நம்பருக்குள்ளேயே பல ஷேடுகள் இருப்பது எனக்குப் பிடிபட்டது. ஒரே வண்ணத்தைக் கம்பெனி இரண்டு ஆலையில் அடிக்கும், பெயிண்ட் சப்ளை செய்பவர் மாறுவார், ஒரு வருஷச் சரக்குக்கும் மறு வருஷச் சரக்குக்கும் நூலிழை தள்ளும். அதனால் பெயிண்ட் கம்பெனிகள் ஒவ்வொரு நம்பருக்கும் நாலைந்து மாற்று ஃபார்முலாக்களையும், அதற்கான மாதிரி அட்டைகளையும் தருவார்கள்: கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக, கொஞ்சம் நீலம் தூக்கலாக, செதில் பெரிதாக, செதில் பொடியாக. அந்த அட்டைக் கொத்தை எடுத்துக்கொண்டுபோய், தேய்த்துச் சுத்தமாக்கிய இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். உச்சி வெயிலில் பார்க்கக் கூடாது, கண் கூசி எல்லாம் ஒன்றாகத் தெரியும். சாயங்காலம் கூடாது, வெளிச்சமே மஞ்சள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஒருமுறை நேரே, ஒருமுறை கன்னத்தைக் கதவோடு ஒட்டவைத்தாற்போலச் சாய்ந்து. டியூப் லைட்டை நம்பவே கூடாது. ஒரு விளக்கில் ஒட்டிப்போகும் இரண்டு வண்ணங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும்; இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பாண்டி பஜார் கடைக்குள் எடுத்த ரவிக்கைத் துணி வீட்டுக்கு வந்ததும் புடவையோடு ஒட்டாமல் போவதைப் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிய செய்தி அல்ல. என்ன, அவர்கள் துணியை வாசலுக்கு எடுத்துவந்து பார்த்துவிடுவார்கள். நாங்கள் டியூப் லைட்டை நம்பினோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டாவிட்டால் 'கரைச்சு விடறது' என்று ஒன்று உண்டு. கதவுக்கு மட்டும் அடித்து நிறுத்தாமல், பக்கத்துப் பேனலுக்குள்ளும் வண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துபோகும்படி தூவி, மேலே முழுக்கக் கிளியர் அடிப்பார்கள். எங்கே முடிகிறது என்று கண்ணுக்குக் கோடு கிடைக்காது. இதில் மேஸ்திரியை மிஞ்சி நான் யாரையும் பார்த்ததில்லை.

அதற்கு ஒரு சாட்சியும் உண்டு. தி. நகரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் அப்பாவின் சில்வர் ஹோண்டா சிட்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது கல்தூணில் உரசி, இடதுபக்கம் இரண்டு கதவும் போயிருந்தன. அப்பா கோயம்புத்தூர் போயிருக்கிறார், சனிக்கிழமை காலை சேரன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவார். "அண்ணே, எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள்ள" என்று மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு ராத்திரி வேலை. தூசி அடங்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் பாலிதீன் கட்டி, ஹாலஜன் விளக்கு வைத்துக் காயவைத்தோம். வெள்ளி இரவு வண்டி போனது. நான் என் பங்குக்கு ரிஜிஸ்டரில் எழுதினேன்: வண்டி எண், பெயிண்ட் நம்பர், மாற்று ஃபார்முலா மூன்று, இடது முன் கதவு, பின் கதவு.

பதினான்கு மாதம் கழித்து அதே கார் வந்தது. ஓட்டிவந்தவர் அப்பா. பின் பம்பரில் ஒரு சின்ன இடி. நான் நம்பரைப் பார்த்ததுமே உற்சாகமாக ரிஜிஸ்டரைப் புரட்டி, "சார், உங்க ஷேடு நம்மகிட்ட ரெடியா இருக்கு. போன வருஷமே ரெண்டு கதவு பண்ணியிருக்கோம்" என்றேன்.

அவர் பேசவில்லை. ஷெட்டுக்குள் கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "எந்தக் கதவு?" என்றார். மேஸ்திரி ஓடிவந்தார். "தம்பி புதுசு சார். வேற வண்டியப் பாத்து சொல்றான்." அவர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி வண்டி எண்ணைப் படித்தார். என் கையெழுத்து அன்றைக்கென்று தெளிவாக இருந்தது. பிறகு காரைச் சுற்றி வந்தார். இடதுபக்கம் குனிந்து பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், எட்ட நின்று பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் சிரித்துவிட்டு, மேஸ்திரியின் சட்டைப்பையில் நூறு ரூபாயை வைத்தார். "அவனை நான் பாத்துக்கறேன். நீ பம்பரைப் பண்ணுப்பா."

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. ரிஜிஸ்டரில் இருப்பதை வாடிக்கையாளரிடம் வாசிக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து கடைச் சட்டமானது.

என் இன்னொரு சாதனையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு டொயோட்டாவுக்கு வெள்ளை வேண்டியிருந்தது. எங்களிடம் வெள்ளை டின்ட்டர் தீர்ந்திருந்ததால் ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்குப் பையனிடம் சீட்டு கொடுத்தனுப்பினேன்: '040 – 1 லிட்டர்.' பையன் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தால் உள்ளே அட்டைக்கரி. டொயோட்டாவில் 040 சூப்பர் ஒயிட். மெர்சிடிஸ் பென்ஸில் அதே 040 கருப்பு. நான் கம்பெனி பெயரை எழுதவில்லை, அவர்கள் கேட்கவில்லை. அந்த ஒரு லிட்டரின் காசு மூன்று தவணையாக என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அதிலிருந்து மேஸ்திரி சில மாதம் என்னை 'பென்ஸ்' என்று கூப்பிட்டார்.

வாடிக்கையாளர்கள் பொதுவாகப் போடும் சண்டை பம்பரைப் பற்றியது. "பம்பர் மட்டும் வேற மாதிரி இருக்கே?" கம்பெனியிலிருந்து வரும்போதே பல கார்களில் அது வேறு மாதிரிதான் இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. இரும்பு உடலை ஆலையில் சுமார் 140 டிகிரியில் சுடுகிறார்கள். பிளாஸ்டிக் பம்பர் அந்தச் சூட்டைத் தாங்காது. பெரும்பாலும் வேறிடத்தில், வேறு பெயிண்டில், குறைந்த சூட்டில் தனியாக அடித்து வருகிறது. எங்களைப் போன்ற ஷெட்டில் 60 டிகிரி கிடைத்தாலே அதிகம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஷோரூம் வாசலில் நிற்கும் புது வண்டியைப் போய்ப் பாருங்கள் என்பேன். சிவப்புக் கார்களின் கதை தனி. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் திறந்தவெளியில் நிற்கும் பழைய சிவப்பு மாருதிகள் ரோஜாப்பூ நிறத்துக்கு வந்துவிட்டிருக்கும். அதற்கு ஸ்டிக்கரில் இருக்கும் சிவப்பை அடித்தால் காயம் பட்டதுபோல இருக்கும். ஜீப்புக்கு ராணுவப் பச்சை கேட்டு வரும் இளைஞர்களை மேஸ்திரி வாசலோடு திருப்பி அனுப்புவார். ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதியே இருக்கிறது. மற்ற எந்த நிறத்துக்கு மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டும், கே.கே. நகர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க வேண்டும் என்றதும் பாதிப் பேர் பழைய நிறத்துக்கே ஒத்துக்கொள்வார்கள்.

ஒரு விஷயம் இன்னும் என்னை உறுத்துகிறது. டூக்கோ போய் 2கே பெயிண்ட் வந்தபோது அதோடு ஹார்டனரும் வந்தது. அதிலிருக்கும் ஐசோசயனேட் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். டப்பாவின்மேல் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மேஸ்திரி ஈரக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தார். கைக்குட்டை தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. டப்பாவைப் படிக்கத் தெரிந்தவன் அந்த ஷெட்டில் நான் ஒருவன்தான். படித்தும் காட்டினேன், ஆனால் முகமூடி வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் வற்புறுத்த எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் அவருக்கு இரவில் இழுப்பு வர ஆரம்பித்துவிட்டது.

2009-இல் நான் அந்த வேலையை விட்டு அம்பத்தூர்ப் பக்கம் வேறொரு பாடி ஷாப்புக்குப் போய்விட்டேன். 2015 ஜூனில் மெட்ரோ வந்து ஈக்காட்டுத்தாங்கலில் ஸ்டேஷன் திறந்தபோது ஒருமுறை இறங்கிக் கடைக்குப் போய்வந்தேன். அடுத்து போனது அதே வருஷம் டிசம்பரில்.

தாங்கல் என்றால் ஏரி. பெயரிலேயே தண்ணீர் இருக்கும் ஊர், பக்கத்தில் அடையாறு. டிசம்பர் 1-ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். நான் நாலாம் தேதி போய்ச் சேர்ந்தபோது சந்தில் முழங்கால் சேறு. சுவரில் தண்ணீர் நின்ற கோடு மெஷினின் மேல்தட்டுக்கும் மேலே இருந்தது. டின்ட்டர் டப்பாக்கள் மிதந்துபோய் ஷெட்டின் பின்மூலையில் குவிந்திருந்தன. லேபிள் எல்லாம் உரிந்து, எது நீலம், எது பச்சை என்று திறந்துதான் பார்க்க வேண்டும். மாதிரி அட்டைகள் ஊறி ஒரே கட்டியாகிவிட்டன, அப்பளக் கட்டு நனைந்தாற்போல. வாசலில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு ஃபோக்ஸ்வாகன் போலோவின் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக் குழியைப் பார்த்தேன், பழக்க தோஷம். குழி நிறையக் களிமண். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஒட்டுப்பசை மட்டும் இருந்தது.

மேஸ்திரி மாடியில் கொடி கட்டி நோட்டுகளைக் கிளிப் மாட்டிக் காயப்போட்டிருந்தார். அவருடைய பழைய நீளக் கணக்கு நோட்டு, அப்புறம் நான் எழுதிய ரிஜிஸ்டர்கள். ரிஜிஸ்டர்கள் பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை. தாள் உப்பியிருந்ததே தவிர எழுத்து அப்படியே இருந்தது. வண்டி எண், 26யு, என்எச், மாற்று மூன்று எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. அவர் நோட்டு இங்க் பேனாவில் எழுதியது. பக்கம் பக்கமாக வெளிர் நீலம் பரவியிருந்தது. ஒரு 'தொட்டுக்க'கூட மிஞ்சவில்லை.

"போனா போவுது. அம்பாசடர் எங்க வரப்போவுது இனிமே?" என்றார்.

புது மெஷின் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை கடை மூடிக்கிடக்கவில்லை. கையில் கிடைத்த டப்பாக்களை வைத்துக்கொண்டு, பால்பவுடர் மூடிகளில் அடித்துப் பார்த்து, வாசல் வெளிச்சத்தில் கண்ணாலேயே மேட்ச் பண்ணினார். அறுபது தாண்டியவர், மூன்று கதவு அடித்தால் ஒருமுறை உட்கார்ந்து இன்ஹேலர் இழுக்க வேண்டும். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்க் கூடமாட இருந்தேன். தகர மூடிகளைச் சாய்த்துவைத்தது நான், அடித்தது அவர்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு கருவி இருக்கிறது. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்று பெயர், நாங்கள் கேமரா என்போம். கதவின்மேல் வைத்து அழுத்தினால் ஐந்தாறு கோணத்தில் வெளிச்சத்தைப் பாய்ச்சி அளந்து, இருக்கிற ஃபார்முலாக்களில் எது கிட்டத்தட்ட வரும் என்று கம்ப்யூட்டரில் காட்டும். நல்ல கருவிதான், பொய் சொல்ல மாட்டேன். நான் மூன்று நாள் பட்ட பாட்டை மூன்று நிமிஷத்தில் முடிக்கிறது. ஆனால் அதற்கும் முதலில் தேய்த்துச் சுத்தமாக்கிய இடம் வேண்டும், நம்பர் தெரிந்தால் தேடல் சுருங்கும், கடைசியில் ஒரு தகட்டில் அடித்து வெளிச்சத்தில் பார்க்காமல் வண்டியில் அடிக்கக் கூடாது. புதிதாக வரும் பையன்கள் இந்தக் கடைசி வேலையைத்தான் தவிர்க்கப் பார்க்கிறார்கள்.

மேஸ்திரி போரூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கன் பிடித்துப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் போனில், மருமகன் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரின் வலது ஃபெண்டர் அடிபட்ட வண்டி என்று பார்த்ததுமே தாம் சொல்லிவிட்டதாகவும், யாரும் நம்பவில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டார்.

உங்களிடம் கார் இருந்தால் இன்றைக்கே டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தூணில் இருக்கும் ஸ்டிக்கரைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லையென்றால் பானெட்டுக்குள்ளோ ஸ்டெப்னிக் குழியிலோ தேடுங்கள். பெயிண்ட் வாங்க ஆள் அனுப்பும்போது நம்பரோடு கம்பெனி பெயரையும் எழுதிக் கொடுங்கள்.